ஈரநெல்லின் விலை: இரணைமடுவின் கீழ் ஒரு கமக்காரர் அமைப்பின் முதலீட்டு முடிவு

மாசி பிறந்தால், பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியின் ஒரு பக்கத்தை நெல் பிடித்துக்கொள்ளும். கல்லும் தடியும் வைத்து எல்லை போட்டிருப்பார்கள். பேருந்து மற்றப் பக்கத்தால் விலத்திப் போகும். வெயில் ஏற ஏற யாராவது ஒருவர் காலால் கோடு இழுத்துக்கொண்டே நெல்லின் மேல் நடந்து புரட்டிவிடுவார். பின்னேரம் ஒரு நெல்மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். நறுக்கென்று உடைந்தால் சாக்கில் அள்ளலாம். பல்லில் மசிந்தால் நாளைக்கும் வெயில் வேண்டும்.

இந்த ஆய்வின் கேள்வி அந்த வீதியில்தான் தொடங்குகிறது. ஒரு ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, தூற்றிக் கொடுக்கும் இயந்திரம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த விரைவின் பலன் விதைத்தவர் கையில் ஏன் நிற்கவில்லை? ஒரு கமக்காரர் அமைப்பிடம் கொஞ்சம் முதல் சேர்ந்தால் அதை எதில் போடுவது?

இங்கே வரும் அமைப்பு ஒரு தனி ஊருக்குரியது அல்ல. இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் கீழும், அக்கராயன், புதுமுறிப்பு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப எழுகிற நிலைமையை வகுப்பில் வைத்துப் பேசுவதற்காக ஒரே அமைப்பாகத் தொகுத்திருக்கிறேன். அதன் ஏக்கர்க் கணக்கும், வியாபாரி சொல்லும் விலையும், கூட்டத்துப் பேச்சும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை. கணக்குப் பார்ப்பதற்கான எடுகோள்கள். குளம், அரசாங்க விலை, நெல்லின் ஈரம் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் உள்ளபடி.

இதை எழுதக் காரணம் உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. அதற்கு முன் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. அங்கே பம்பைமடுவில் முகாமைத்துவமும் வணிகமும் படிக்கும் பிள்ளைகளில் பலர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நிகழ்வு ஆய்வு என்றதும் அவர்கள் கையில் வருவது வெளிநாட்டுக் கம்பனியின் கதை. அந்தக் கதைகளில் படிக்க நிறைய இருக்கிறது, இந்த ஆய்விலும் ஒன்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கேந்திரோபாயம் என்பது பெரிய கம்பனியின் மாடி அறையில் மட்டும் நடக்கிற விசயம் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக்கூடாது. வாய்க்கால் கட்டில் பிளாஸ்டிக் கதிரை போட்டு நடக்கிற கூட்டத்திலும் அதே கனமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அங்கே முடிவு பிழைத்தால் கம்பனிக்காரருக்கு இருப்பதுபோல் சம்பளம் இருக்காது.

மெசின் எடுத்துச் சென்ற நாட்கள்

கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இரணைமடுதான் வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். மாரிகாலத்துக் காலபோகம் மழையோடும் குளத்து நீரோடும் நடக்கும். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவார்கள். இந்தப் பங்கிடும் பழக்கத்தைக் கவனத்தில் வைத்திருங்கள், பின்னால் அது தேவைப்படும்.

முன்பு அருவி வெட்டு ஆட்களால் நடந்தது. வெட்டிய நெற்கதிர் வயலிலேயே ஓரிரு நாள் கிடக்கும். பிறகு கட்டுக் கட்டிச் சூடு வைப்பார்கள், அதாவது குவித்து அடுக்குவார்கள். மாடு விட்டோ, பிறகு வந்த காலத்தில் உழவு இயந்திரம் ஓட்டியோ சூடு அடித்து நெல்லைப் பிரிப்பார்கள். வெட்டியதில் இருந்து மூட்டை கட்டும்வரை ஒரு வாரம், சில வேளை அதற்கும் மேல். அந்த நாட்களில் நெல் தானாகவே காய்ந்தது. உலர்த்துவது என்று ஒரு தனி வேலை பெரிதாக இருக்கவில்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை, தனி இடமும் இல்லை. வெட்டுக்கும் சூடு அடிப்புக்கும் நடுவில் அது ஒளிந்திருந்தது.

2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பி வந்தவர்களிடம் மாடும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை. சேர்ந்து வெட்டிய ஆட்களில் எத்தனையோ பேர் இல்லை. தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் வயலையும் தாங்கவேண்டி வந்தது. அந்த நேரத்தில் வெட்டு மெசின் வந்தது பெரிய ஆறுதல். இதைச் சொகுசு என்றோ சோம்பல் என்றோ சொல்பவர்கள் அந்த வருடங்களில் வன்னியில் வயல் செய்யவில்லை. தெற்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் லொறியில் ஏறி மெசின்கள் வந்தன. ஏ-9 திறந்து, வங்கியும் லீசிங் கம்பனியும் கிளிநொச்சியில் கிளை போட்ட பிறகு உள்ளூரிலும் ஆட்கள் வாங்கினார்கள். சில வருடங்களுக்குள் கையால் வெட்டுவது அரிதாகிவிட்டது.

மெசின் வெட்டுகிற நெல்லில் பொதுவாக 20 வீதம் அளவில் ஈரம் நிற்கும், சில வேளை அதைவிடக் கூட. மெசின் நன்றாக வேலை செய்வதும் அந்த ஈரத்தில்தான். மிகக் காய்ந்தால் மணி கொட்டும், உடையும். மாதக் கணக்கில் வைத்திருக்க 14 வீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். ஈரநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாளுக்கு மேல் வைத்தால் உள்ளே சூடேறும், அரிசி மஞ்சளிக்கும். ஆகவே ஒரு வாரமாக மெல்ல மெல்ல, காசில்லாமல் நடந்த வேலை இப்போது 24 மணித்தியாலத்துக்குள் நடக்கவேண்டிய அவசர வேலையாகிவிட்டது. அதைச் செய்ய எவரிடமும் இடம் இல்லை. வீதிதான் இருந்தது.

எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலியர், படிப்பால் பௌதிகவியலாளர், 1980களில் உற்பத்தி முகாமைத்துவத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொன்னார். எந்த உற்பத்தித் தொடரிலும் ஒரு இடம்தான் மற்ற எல்லாவற்றையும் மெதுவாக்கும். அதைத் திறந்துவிட்டால் நெருக்கடி இல்லாமல் போகாது, அடுத்த இடத்துக்கு நகரும். முகாமையாளரின் முதல் வேலை, நெருக்கடி இப்போது எங்கே நிற்கிறது என்று தேடுவது. வன்னியில் அது வெட்டில் இருந்து உலர்த்தலுக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் பேச்சு இன்னும் வெட்டைப் பற்றியே நடக்கிறது.

கூட்டம்

எங்கள் அமைப்பின் கீழ் 400 ஏக்கர் வயல், ஆளுக்குச் சராசரியாக 3 ஏக்கர். உறுப்பினர் 133 பேர் என்று வைப்போம். சந்தாவும், வாய்க்கால் துப்புரவு வேலை ஒப்பந்தங்களில் மிஞ்சியதும் சேர்ந்து ஒரு தொகை வங்கியில் கிடக்கிறது. வெட்டு மெசினுக்கு லீசிங் முற்பணம் கட்ட அது காணும். நிர்வாகத்தில் இருக்கும் இளைஞர்கள் மெசின் பக்கம். அவர்களின் வாதம் வலுவானது.

“மெசின் எங்களிட்டை இருந்தால் ஒருத்தனையும் கும்பிட்டுக்கொண்டு நிக்கத் தேவையில்லை அண்ணை. போன காலபோகம் மெசினுக்குக் காவலிருந்து எத்தனை பேரின்ர நெல்லு கொட்டினது?”

“தம்பி, மெசினுக்குக் காவலிருந்து நெல்லுக் கொட்டினது ஒரு வருசம். ஈரநெல்லெண்டு விலை அடிவாங்கினது எல்லா வருசமும்,” என்கிறார் இடதுகரைப் பெரியவர்.

பொருளாளராக இருக்கும் பெண் இரண்டு பக்கமும் சேராமல் ஒரு கேள்வி கேட்கிறார்: “மெசின் வருசத்தில எத்தனை நாள் ஓடும் ஐயா? தவணைக்காசு பன்னிரண்டு மாசமும் கட்டவேணுமே?” கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் இதுதான் கூர்மையானது என்பது என் எண்ணம்.

கணக்குப் பார்ப்போம். ஓர் இடத்தில் அறுவடைக் காலம் 20 நாள், ஒரு மெசின் நாளுக்கு 8 ஏக்கர் வெட்டும் என்று வைத்தால் 160 ஏக்கர். சொந்த மெசின் வாங்கினாலும் 400 ஏக்கரில் 240 ஏக்கருக்கு வெளி மெசின் வரத்தான் வேண்டும். தவணையை அடைக்க மெசினை வேறு மாவட்டங்களுக்கும் அனுப்பவேண்டும். மெசின் முதலாளிகள் அப்படித்தான் உழைக்கிறார்கள். அறுவடை எங்கே பிந்துகிறதோ அங்கே போகிறார்கள். அதற்கு ஓட்டுநர் வேண்டும், லொறி வேண்டும், தூர இடத்தில் பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். சந்தாவில் ஓடும் அமைப்பு அந்தத் தொழிலுக்குள் இறங்கினால் நிர்வாகத்தின் முழு நேரமும் அதற்குள் போய்விடும். இன்னொன்று, அறுவடை நாளில் தன் உறுப்பினருக்கு வெட்டுவதா, வெளியூரில் காசுக்கு வெட்டுவதா என்ற முரண்பாடு அமைப்புக்குள்ளேயே எழும். 2022 சிறுபோகத்தில் டீசலுக்கு வரிசையில் நின்றதை நினைத்தால் மெசின் வைத்திருப்பவரின் தலையிடி என்னவென்று விளங்கும்.

முக்கியமான விசயம், வெட்டுக்கூலிச் சந்தையில் போட்டி இருக்கிறது. இன்றைக்கு ஒருவர் வராவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார். விலை ஏறினால் இன்னும் மெசின்கள் வரும். உலர்த்தித் தருகிற ஆள் வன்னியில் எத்தனை பேர்? பெரிய மில்காரர் தன் நெல்லைத் தன் உலர்த்தியில் காயவிடுவார். கமக்காரருக்கு உலர்த்திக் கொடுக்கும் சேவை என்று ஒன்று பெரிதாக வளரவில்லை. நிறையப் பேர் விற்கிற சேவையைச் சொந்தமாக்கப் பாடுபடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் இருக்கிற சிறிய முதலீட்டுப் பணத்தை, ஆள் இல்லாத இடத்தில்தான் போடவேண்டும்.

ஒரு ஈரமான கணக்கு

உலர்த்தினால் என்ன கிடைக்கும் என்று பலர் மேலோட்டமாகவே கணக்குப் போடுகிறார்கள். “காய்ந்த நெல்லுக்குக் கூட விலை” என்பது பாதிக் கதை. காயும்போது எடையும் குறைகிறது.

20 வீத ஈரத்தில் 100 கிலோ நெல் என்றால் அதில் 80 கிலோதான் நெல், மிச்சம் தண்ணீர். அந்த 80 கிலோவும் 14 வீத ஈரமுள்ள நெல்லின் 86 வீதமாக இருக்கவேண்டும். 80ஐ 0.86ஆல் பிரித்தால் 93. அதாவது வெயிலில் 7 கிலோ போய்விடுகிறது. 22 வீத ஈரம் என்றால் மிஞ்சுவது 90.7 கிலோ, 18 வீதம் என்றால் 95.3.

2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் காலபோக நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாடு என்ற இன நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு வாங்குவது 14 வீத ஈரத்துக்கு மேற்படாத நெல்லை. நாடு நெல்லை எடுத்துக்கொண்டால், 20 வீத ஈரத்தில் வயலில் நிற்கும் 100 கிலோ, காய்ந்து 93 கிலோவாகி, 11,160 ரூபா சொச்சம் தரும். ஆகவே வியாபாரி வரம்பில் வைத்தே ஈரநெல்லுக்குக் கிலோ 112 ரூபா தந்தால் காயவிடுவது நட்டம். கூலி, ஏற்றி இறக்கும் செலவு, சாக்கு எல்லாம் சேர்த்தால் அந்தச் சமநிலை விலை இன்னும் கீழே இறங்கும். ஈரநெல் விற்கிற கமக்காரரைக் கணக்குத் தெரியாதவர் என்று பேசுபவர்கள் இந்த 7 கிலோவை மறந்துவிடுகிறார்கள். பல நேரம் கமக்காரர் சரியாகத்தான் செய்கிறார்.

எப்போது காயவிடுவது இலாபம்? வியாபாரி 105 ரூபா சொல்கிறார் என்று வைப்போம். ஈரத்துக்காக 70 கிலோ மூட்டைக்கு 2 கிலோ கழிக்கிறார். அப்படியென்றால் உண்மையான விலை 102 ரூபா. ஏக்கருக்கு 2,000 கிலோ ஈரநெல் என்றால் கையில் 2,04,000. அதையே காயவிட்டு 120 ரூபாவுக்குக் கொடுத்தால் 1,860 கிலோ, 2,23,200. வித்தியாசம் ஏக்கருக்கு 19,200 ரூபா. கூலியும் போக்குவரத்தும் அதற்குள் அடங்கினால் மிச்சம் வீட்டுக்கு.

ஆனால் ஒரு சிக்கல். அறிவிப்பு பெப்ரவரியில் வருவதற்கு முன்பே வெட்டியவர்கள் பலர் விற்றுவிட்டிருந்தார்கள். விலை தெரியும்வரை நெல்லைக் கெடாமல் வைத்திருக்க முடிந்தவருக்கே அந்த 120 ரூபா. வட்டிக்கடையும் உரக்கடையும் காத்திருக்காது. விதைப்புக்கு முற்பணம் தந்த வியாபாரி களத்துக்கே வந்து நிற்பார். ஈரநெல்லை அன்றே விற்பதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை, கடனும்தான்.

எக்ஸ்ரே இயந்திரமும் நெல் மெசினும்

இனி அந்த வெளிநாட்டுக் கதை. 1970களின் தொடக்கத்தில் இஎம்ஐ என்ற பிரித்தானியக் கம்பனி, பெரும்பாலும் இசைத்தட்டுகளால் அறியப்பட்டது, எக்ஸ்ரே கொண்டு உடலின் உட்பகுதியைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் உலகின் முதலாவது சீரீ ஸ்கானரைக் கொண்டுவந்தது. கண்டுபிடித்த அதன் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. கம்பனியோ அந்தப் பத்தாண்டின் முடிவோடு அந்தத் தொழிலை விட்டே வெளியேற நேர்ந்தது. சந்தையை ஜெனரல் எலக்ட்ரிக் போன்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொருளியலாளர் டேவிட் டீஸ் 1986இல் எழுதிய, இன்றும் வணிகப் பாடசாலைகளில் படிக்கப்படுகிற கட்டுரையில் இதற்குக் காரணம் சொல்கிறார். ஸ்கானரை விற்பதற்கு வைத்தியசாலைகளில் பயிற்சி கொடுக்கவும், பழுது பார்க்கவும், அருகில் நின்று உதவவும் ஆட்கள் தேவை. அந்தத் துணைச் சொத்துகள் இஎம்ஐயிடம் இல்லை, போட்டியாளரிடம் இருந்தன. புதிய தொழில்நுட்பம் உண்டாக்கும் இலாபம், அந்தத் தொழில்நுட்பம் பயன்பட அவசியமான துணைச் சொத்து யாரிடம் அரிதாக இருக்கிறதோ அவரிடம் போய்ச் சேரும்.

வன்னியின் கமக்காரர் எதையும் கண்டுபிடித்து விற்கவில்லைத்தான். ஆனாலும் டீஸின் தர்க்கம் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. மெசின் நேரத்தைச் சேமித்தது. அந்த நேரம் காசாக மாற உலர்த்தும் தளம், களஞ்சியம், காத்திருக்கத் தேவையான கைக்காசு மூன்றும் வேண்டும். மூன்றும் மில்காரரிடம் இருக்கின்றன. எல்லாரும் ஒரே கிழமையில் வெட்டி, எல்லாரின் நெல்லும் ஒரே கிழமையில் ஈரமாக வீதிக்கு வரும்போது, பேரம் பேசும் வலு முழுக்க அவரிடம் போகிறது. பொலநறுவைப் பக்க லொறிகள் வரிசையாக வருவதும் அப்போதுதான். இதற்கு மில்காரரைக் கெட்டவர் ஆக்கத் தேவையில்லை. அவர் உமி எரித்து உலர்த்துகிறார், இடவாடகையும் வட்டியும் கட்டுகிறார். அவர் வைத்திருப்பது வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அளக்கிறவர் யார்

அமைப்பின் முதல் செலவு தளமாக இருக்கக்கூடாது என்பது என் முடிவு. முதலில் வாங்கவேண்டியது ஒரு ஈரமானி, கையில் அடங்கும் கருவி. வெட்டு மெசினோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.

வியாபாரி எல்லா மூட்டைக்கும் ஒரே 2 கிலோவைக் கழிக்கிறார் என்று சொன்னேன். இரண்டு நாள் வீதியோரம் படங்கு விரித்து, இரவில் காவல் படுத்து, 15 வீதத்துக்குக் கொண்டுவந்தவருக்கும் அதே 2 கிலோ; நேற்று வெட்டி அப்படியே கொண்டுவந்தவருக்கும் அதே 2 கிலோ. அடுத்த போகம் முதலாமவர் காயவிடுவாரா? பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார். தரத்தை வாங்குபவர் அறிய வழி இல்லாதபோது சராசரி விலைதான் கிடைக்கும், நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், சந்தையில் மட்டமானது மிஞ்சும். 2001இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. நெல்லில் நிலைமை இன்னும் கோணல். வாங்குபவரிடம் கருவி இருக்கலாம், விற்பவரிடம் இல்லை. வாங்குபவர் சொல்கிற இலக்கம்தான் இலக்கம்.

ஈரமானி அமைப்பின் கையில் இருந்து, அளவு எல்லார் கண்முன்னும் எடுக்கப்பட்டு, மூட்டைத் துண்டில் எழுதப்பட்டால் பேச்சு மாறும். “ஈரநெல்லு” என்ற பொதுச்சொல் போய் “17.5” என்ற இலக்கம் வரும். 17.5க்கு எத்தனை கிலோ கழிக்கவேண்டும் என்பது கணக்கு. மேலே போட்ட அதே கணக்கு. அதை ஒரு அட்டவணையாக அச்சடித்துக் கமநல சேவைகள் நிலையத்துச் சுவரில் ஒட்டலாம். கருவியை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே போகத்தில் நம்பிக்கை போய்விடும். நெல்லில் போன நம்பிக்கையை மீட்க நாலு போகம் எடுக்கும்.

தளத்தின் கொள்ளளவு

அடுத்தது தளம். சீமெந்து பூசிய, மெல்லிய சரிவுள்ள, நீர் வடிந்தோடும் வெளி. நெல்லை 2 முதல் 4 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்புவது நல்லது. அதைவிட மெல்லியதாகப் பரப்பினால் மணி சூடாகி வெடிக்கும், மில்லில் குருணை கூடும். தடிப்பாகப் பரப்பினால் அடியில் ஈரம் நிற்கும். அரை மணிக்கு ஒருதரமாவது புரட்டவேண்டும். காய்ந்த நெல்லில் மழை பட்டால் காயாத நெல்லில் பட்டதைவிடக் கேடு, மணி உள்ளே வெடித்துவிடும். ஆகவே படங்கும், அதை ஓடி மூடுவதற்கு ஆளும் தளத்தோடு சேர்ந்த செலவுகள்.

1,000 சதுர மீற்றர் தளத்தில் 3 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பினால் 30 கனமீற்றர் நெல், ஏறத்தாழ 17 தொன். ஏக்கருக்கு 2 தொன் என்றால் எட்டரை ஏக்கரின் நெல். காய இரண்டு நாள் எடுத்தால் நாளுக்கு நாலு ஏக்கர் சொச்சம். 20 நாளில் 85 ஏக்கர். 400இல் ஐந்தில் ஒன்று.

இந்த இடத்தில் இளைஞர்கள் சோர்ந்துபோவார்கள். ஐந்தில் ஒன்றுக்காகவா இவ்வளவு? நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆளுக்கு அரை ஏக்கரின் நெல் என்று பங்கு வைத்தால் 133 பேருக்கும் மொத்தம் 67 ஏக்கர். தளம் தாங்கும், மழை நாளுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொன் ஈரநெல், காய்ந்து 930 கிலோ. அதே விலைகளில் வித்தியாசம் 9,600 ரூபா, செலவு கழிக்கமுன். அதைவிடப் பெரிய பலன், மிச்சம் இரண்டரை ஏக்கரின் நெல்லைப் பற்றிப் பேரம் பேசும்போது கிடைக்கும். கடனை அடைக்க ஒரு பகுதியை விற்றுவிட்டு, “மிச்சத்தை நான் காயவிடுவன்” என்று சொல்கிற ஆளுக்கும், சொல்ல முடியாத ஆளுக்கும் வியாபாரி ஒரே விலை சொல்வதில்லை.

யார் முதலில் என்பதில்தான் அமைப்புகள் உடையும். மெசின் எந்த வயலில் முதலில் இறங்கும் என்பதற்கே சண்டை வருகிற ஊர். ஆனால் இதே ஊர்தான் சிறுபோகத்தில் குளத்து நீரைப் பங்கிட்டுச் சமாளிக்கிறது. வாய்க்கால் முறை வைத்து, வாய்க்கால் பார்ப்பவரை நியமித்து, முறை தவறினால் கூட்டத்தில் கேள்வி கேட்டுப் பழகிய ஆட்கள். எலினோர் ஒஸ்ட்ரொம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்றவர், இப்படித் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைப் பேணும் நீர்ப்பாசனச் சமூகங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். கம்பனிக்காரர் பெரும் செலவில் கட்டியெழுப்புகிற ஒழுங்கமைப்புத் திறன் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. மெசின் முதலாளி ஆவதற்கு அந்தத் திறன் உதவாது. தளத்துக்கு முறை வைக்க அது அப்படியே உதவும்.

அதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுக்கலாம், அதற்குக் காசே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வந்து, எல்லாரும் ஒரே வயது நெல்லை விதைத்தால், எல்லாருக்கும் ஒரே நாளில் மெசின் வேண்டும், ஒரே நாளில் தளம் வேண்டும். ஒரு வாய்க்காலுக்குப் பீஜி 300 போன்ற மூன்று மாத இனம், அடுத்த வாய்க்காலுக்குப் பீஜி 352 போன்ற மூன்றரை மாத இனம் என்று பிரித்தாலே வெட்டு இரண்டு கிழமைக்குப் பரவும். விதை கிடைக்கவேண்டும், பூச்சி தொடர்ந்து ஒரு வயலில் இருந்து மற்ற வயலுக்குப் போகாமல் பார்க்கவேண்டும் என்பது உண்மை. ஆனாலும் தளத்தின் கொள்ளளவைச் சீமெந்து இல்லாமல் கூட்டுகிற வழி இது ஒன்றுதான்.

மழைக் காலத்துக்கு உலர்த்தி தேவையா? தேவைதான், ஆனால் இரண்டாம் கட்டத்தில். துளையிட்ட தட்டின் மேல் நெல்லைப் பரப்பி, கீழால் விசிறி வைத்து இளஞ்சூட்டுக் காற்றைச் செலுத்தும் தட்டை உலர்த்தி 1970களில் பிலிப்பைன்ஸில் உருவானது. வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் ஆயிரக்கணக்கில் பரவியது. அங்கே மழையிலும் அறுவடை நடக்கிறது, உலர்த்திக் கொடுப்பதே ஒரு தொழில். உமி எரித்தால் போதும். விதை நெல் என்றால் சூடு 43 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது, தாண்டினால் முளைக்காது. வன்னியில் மாசி, பங்குனியில் பெரும்பாலும் வெயில் கிடைக்கும். மழை குழப்புகிற சில நாட்களுக்காக முதல் வருடமே உலர்த்தியில் காசைப் போடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். தளம் இரண்டு போகம் ஓடி, முறை பழகி, பதிவுப் புத்தகம் நிரம்பிய பிறகு வங்கியிடம் போனால் அந்தப் புத்தகமே பேசும்.

களஞ்சியத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் அதிகம். வைத்து விற்றால் விலை ஏறும் என்பது எல்லா வருடமும் நடக்கும் விசயம் அல்ல. 2024 டிசம்பரில் தட்டுப்பாட்டுக்காக அரிசி இறக்குமதி அனுமதிக்கப்பட்டதுபோல், அரசாங்கத்தின் ஒரு முடிவில் ஏறிய விலை இறங்கலாம். உறுப்பினரின் நெல்லை வைத்து அமைப்பு சூதாடக்கூடாது. உத்தரவாத விலையில் சபை வாங்கத் தொடங்கும்வரை காக்கிற அளவுக்கு இடம் போதும்.

அமைப்பின் நிர்வாகக் குழு கடைசியில் எடுக்கிற முடிவு எல்லாருக்கும் பிடித்ததாக இல்லை. ஈரமானி உடனே. இரண்டு வாய்க்காலுக்கு இரண்டு வயது நெல், அடுத்த காலபோகத்தில் இருந்து. தளம் பாதி அளவில், 500 சதுர மீற்றர், மற்றப் பாதிக்கு அத்திவாரம் மட்டும். பங்கு ஆளுக்குக் கால் ஏக்கரின் நெல்லாகக் குறைகிறது. மெசின் இல்லை, அதற்குப் பதிலாக மூன்று மெசின்காரரோடு விதைப்பு முடிந்த கையோடு நாளும் கூலியும் பேசி எழுதிக்கொள்வது. மிச்சக் காசு வங்கியிலேயே இருக்கும். தளத்தில் சிறுபோகத்துக்கும் மாரிக்கும் நடுவில் உழுந்தும் கச்சானும் காயவிடுபவர்களிடம் ஒரு சிறு கட்டணம் எடுப்பதாகவும், அந்தக் கணக்கைப் பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்பதாகவும் தீர்மானத்தில் எழுதுகிறார்கள். இடம் வாய்க்கால் ஒதுக்குக் காணி என்பதால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வரும்வரை ஒரு பை சீமெந்தும் வாங்குவதில்லை என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர், மெசினுக்காக அதிகம் வாதாடிய அந்த இளைஞர்.